முயலுக்கு இரண்டு காஜா

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை எவ்வளவு குறைப்பது என்பதில் அப்பாவுக்கும் மகளுக்கும் தகராறு.

"அரை இஞ்சு எடுத்தாப் போதும்மா" என்றார் அப்பா, ஓடுகிற தையல் மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போதாதுப்பா. தலை மேகத்துல இடிக்குதுன்னு நீதானே சொன்னே?"

"அட, ஆமால்ல. அப்ப நடுவுல நாலு மடிப்பு மடிச்சு உள்ள தள்ளிட வேண்டியதுதான். வெளிய பாத்தா ஆட்டுக் கழுத்து மாதிரி இருக்கும். உள்ள மடிச்சு வெச்சது யாருக்குத் தெரியப்போவுது?"

"மூச்சு முட்டாதா?"

"லூசா அடிச்சுக் குடுப்போம். நம்ம கடையில மூச்சு முட்டுதுன்னு இதுவரைக்கும் யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். வெட்டு மேசைக்கு அடியில் துண்டுத் துணிகளைக் குவித்துப் படுத்திருந்தாள். நல்ல வெயில் காலம். ஆனாலும் அவள் தலையில் ஒரு கம்பளித் தொப்பி இருந்தது. அதன் இரண்டு மடல்களும் காதை மூடி இறங்கி, தாடைக்குக் கீழே ஒரு பட்டனில் பூட்டப்பட்டிருந்தன.

அந்தக் கடையில் புதுத்துணி தைப்பதில்லை. யாரோ தைத்து, யாரோ வாங்கி, யாருக்கும் பொருந்தாமல் போனவைதான் அங்கே வந்து சேரும். இடுப்பில் நிற்காத பேண்ட், முழங்கையோடு நின்றுவிட்ட கோட்டு, போன வருஷம் சரியாக இருந்து இந்த வருஷம் மூடாத பாவாடை. எதைக் கொண்டுவந்தாலும் கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அரை இஞ்சு எடுத்தா சரியாப் போயிடும்" என்பார். எடுக்கும்போது மூன்று இஞ்சு எடுப்பார், அது வேறு விஷயம். தெரு அவருக்கு அரையிஞ்சு என்றே பேர் வைத்துவிட்டது. அவர் மனைவிக்குப் பட்டன் நுழையும் ஓட்டையைச் சுற்றிக் கையால் தைக்கிற வேலை, காஜா எடுப்பது. அவள் எடுத்த காஜா, சட்டை கிழிந்தாலும் கிழியாது. அதனால் அவள் காஜாக்கா. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பட்டன் என்று பேர் விழுந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வீடும் கடையும் ஒரே நீள அறைதான். முன்பாதியில் மிஷின், மேசை, ஆள் உயரக் கண்ணாடி. நடுவே ஒரு திரை. திரைக்குப் பின்னால் அடுப்பும் கட்டிலும். பள்ளிக்கூடம் திறந்த சமயம் என்பதால் யூனிஃபார்ம்கள் மலையாகக் குவிந்திருந்தன. வளர்கிற பிள்ளைக்கு ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்துத் துணி எடுத்துவிட்டு, "இப்போதைக்கு உள்ள மடிச்சுக் குடுங்க, அப்புறம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்று கொண்டுவந்து போடுவார்கள். அரையிஞ்சு எதையும் வெட்டி எறியாத மனுஷர். எல்லாவற்றையும் உள்ளே மடித்து அடிப்பார்.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாருடைய யூனிஃபார்மும் அந்தக் கடையில் இருந்தது. பட்டனுடையது மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

விஷயம் இதுதான். பட்டனின் காதுகள் கொஞ்சம் வெளியே தள்ளினாற்போல இருக்கும். நெற்றி அம்மாவைக் கொண்டது, வாய் அத்தையைக் கொண்டது, காது அச்சு அசல் அப்பா. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவரை அதை யாரும் ஒரு பேச்சாகவே எடுத்ததில்லை. சேர்ந்த முதல் வாரமே கூடப் படிக்கிற ஒரு சுருட்டை முடிக்காரி, "ஏய், இவ தலையில ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்சிருக்குடி!" என்று கத்திவிட்டாள். மொத்த வகுப்பும் அதைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பட்டன் வீட்டுக்கு வந்து தட்டை நகர்த்திவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

காஜாக்கா தனக்குத் தெரிந்த வழியைப் பார்த்தாள். ஒரு பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி, காதை மூடுகிற தொப்பி ஒன்று தைத்துக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு பட்டன் சில நாள் போய்வந்தாள். நெற்றியெல்லாம் வேர்க்குரு. ஒருநாள் டீச்சர் காஜாக்காவை நிறுத்திவைத்துப் பேசினாள்.

"இந்த வெயில்ல கம்பளித் தொப்பியாம்மா? பிள்ளைக்கு மயக்கம் வந்துட்டா யாரு பதில் சொல்றது? இனிமே தொப்பி இல்லாம அனுப்புங்க."

"கழட்ட மாட்டேங்கறா டீச்சர்."

"நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். வீட்டுல பேசி, தைரியம் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. திங்கட்கிழமைக்குள்ள அப்படி வரலேன்னா இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துடுவாங்க. வெளிய எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க தெரியும்ல?"

தொப்பி இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டேன் என்று பட்டன் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், மிட்டாய் காட்டினாள். ஒன்றுக்கும் மசியவில்லை. அப்பாதான் கதையை ஆரம்பித்தார். மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, நேற்றுக் கடைக்கு வந்த மிருகங்களைப் பற்றிச் சொல்வார். தும்பிக்கை தரையில் புரளுது, ஓரம் அடிச்சுக் குடுங்க என்று வந்த யானை. வாய் ரொம்ப அகலம், நடுவில் ஒரு ஜிப் வையுங்க என்று வந்த முதலை. பின்பக்கம் ஆடுது, பிடிச்சு விடுங்க என்று வந்த வாத்து. எல்லாம் அளவு கொடுத்து, வேலை முடிந்ததும் கண்ணாடி முன்னால் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுச் சந்தோஷமாகப் போகும். பிள்ளை சிரித்தாள். சிரித்தால் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார்.

ஒட்டகச்சிவிங்கி போன பிறகு, மேசைக்கு அடியிலிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

"முயல் வந்தா?"

இதற்காகத்தான் அவர் காத்திருந்தார். பெரிதாக்காமல் தமாஷாகவே முடித்துவிடவேண்டும் என்று நினைத்தார்.

"முயலா? காது நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு சொல்லுமா? அது சின்ன வேலை. காதுக்குப் பின்னால பேஸ்டிங் வெச்சு, பெட்டியால ஒரு அமுக்கு. தலையோட தலையா ஒட்டிக்கும்."

பேஸ்டிங் என்பது காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணி. ஒரு பக்கம் பசை இருக்கும், இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் பிடித்துக்கொள்ளும். இந்தக் கதைக்குப் பட்டன் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் தொப்பையைப் பிடித்துக்கொண்டு பேண்டுடன் உள்ளே வந்ததால் அப்பா அதைக் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் வந்து வாசலில் நின்றார். பட்டனைத் தோளோடு அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அரையிஞ்சு, மிஷினை நிப்பாட்டு."

"என்னண்ணே? எதையாச்சும் கொட்டிட்டாளா?"

"கொட்டியிருந்தா பரவால்லையே. உன் பிள்ளை எனக்கு ஆர்டர் குடுக்க வந்திருக்காய்யா."

பிள்ளையை மேசைமேல் உட்காரவைத்து, தலையைத் திருப்பிக் காட்டினார். தொப்பி அவள் கையில் இருந்தது. ஒவ்வொரு காதுக்குப் பின்னாலும் பிறை மாதிரி அழகாக வெட்டிய ஒரு பேஸ்டிங் துண்டு செருகியிருந்தது.

"'பெரியப்பா, சூட்டைக் கம்மியா வெச்சு ரெண்டு பக்கமும் ஒரு அமுக்கு அமுக்குங்க'ன்னா. நான் வெளையாட்டுன்னு நெனச்சு சிரிச்சேன். இவ நாக்காலியில ஏறி, மேசை மேல தலையைச் சாச்சு வெச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டா. 'மேல ஈரத்துணி போட்டுக்குங்க பெரியப்பா, இல்லேன்னா பளபளன்னு ஆயிடும்'ங்கறா! என் கையில பெட்டி கொதிக்குது. அப்படியே தள்ளி வெச்சுட்டு இவளைத் தூக்கிக்கிட்டு ஓடி வரேன்."

காஜாக்கா திரைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தாள். பிள்ளையை வாரி எடுத்து, காதைத் தடவி, கன்னத்தைத் தடவி, சூடு பட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"நான் ஒரு டீ குடிக்கப் போயிருந்தா?" என்றார் இஸ்திரிக்காரர். "பெட்டி அங்கதானே இருந்திருக்கும். இவளே எடுத்திருப்பாளே. சாமர்த்தியக்காரி ஆச்சே." தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அரையிஞ்சு மிஷின் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். பசைப் பக்கம் சரியாக உள்ளே பார்த்து வைத்திருக்கிறாளே என்று புத்தி அந்த நேரத்திலும் கவனித்ததை நினைத்து, தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"முயலுக்குக் காதை ஒட்டினது யாருங்க?" என்றாள் காஜாக்கா.

"சிரிக்கட்டும்னு சொன்னேன்ம்மா."

"உங்க கதையில எந்த மிருகமாச்சும் வந்தபடியே வீடு திரும்பியிருக்கா? ஒண்ணைக் குறைக்கறீங்க, ஒண்ணைப் பிடிக்கறீங்க, ஒண்ணுக்கு வாயிலயே ஜிப்பு. கேட்டுக்கிட்டிருக்கற பிள்ளை என்ன நெனைக்கும்?"

"நீ மட்டும்? தொப்பி போட்டு மூடி வெச்சது நீதானே?"

அவள் சட்டென்று அடங்கிப்போனாள். "ஆமா. நானும்தான்" என்றாள்.

அரையிஞ்சு மகளுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். "உன் காது அழகா இருக்கும்மா. அதுல கை வெக்கற மாதிரி ஒண்ணுமே இல்ல."

"பொய்."

"சத்தியமா."

"அழகா இருந்தா நீ எதுக்கு முடி வளத்து மூடி வெச்சிருக்கே?"

கழுத்து வரை இறங்குகிற அவர் முடியைத் தெருவில் ஸ்டைல் என்று நினைத்திருந்தார்கள். அவரும் அப்படியே நினைக்கவிட்டார். பள்ளிக்கூடத்தில் அவரை முறக்காது என்று கூப்பிட்டதோ, கண்டிக்கிற வாத்தியார் இல்லாத முதல் வருஷமே அவர் முடியை வளர்க்க ஆரம்பித்ததோ யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி அவர் தலைக்குக் குளித்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் காஜாக்காவே அந்தக் காதுகளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது இந்தப் பொடிசு கேட்டுவிட்டது. அவர் எழுந்து மிஷினுக்குப் போனார். பட்டன் தொப்பியை மாட்டி, பட்டனைப் பூட்டிக்கொண்டு மறுபடி மேசைக்கு அடியில் போனாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வாடிக்கைக்காரர்கள் யாரும் வரவில்லை. கதவைப் பாதி சாத்திவிட்டு, சோறும் முட்டையும் சாப்பிட்டார்கள். பட்டன் தட்டை மேசைக்கு அடியிலேயே வாங்கிக்கொண்டாள். கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டது அந்த வீட்டுக்கே புதுசு. அரையிஞ்சு கை கழுவிவிட்டு வந்து, மேசைக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒட்டகச்சிவிங்கி கடைக்கு வந்துச்சு."

பட்டன் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

"சண்டைக்கு வந்துச்சு."

துணிக்குவியல் லேசாக அசைந்தது. "எதுக்கு?"

"'யோவ் டெய்லரு, கழுத்தைக் குறைச்சதும் குறைச்சே, எனக்கு ஒரு இலை எட்ட மாட்டேங்குது. ஆடுங்களோட நின்னு புல்லு திங்கறேன். அதுங்க என்னை ஏற இறங்கப் பாக்குதுங்க. தண்ணி குடிச்சா உன் நாலு மடிப்புலயும் தேங்கிக்குது. நடந்தா களக்கு மளக்குனு சத்தம் வருது. ராத்திரி திரும்பிப் படுத்தா காதுல ஊத்துது'ன்னு ஒரே கத்தல்."

மேசைக்கு அடியில் மூக்கால் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவருக்குத் தெம்பு வந்தது.

"அது போகல, அதுக்குள்ள யானை. 'தும்பிக்கைக்கு ஓரம் அடிச்சியே, இப்ப முதுகுல அரிச்சா சொறிய முடியல. குளிக்கறதுக்குப் பக்கத்து வீட்டு யானைகிட்ட சொம்பு கேட்டு நிக்கறேன். மானம் போவுது'ன்னுச்சு. பின்னாலயே வாத்து. பின்பக்கத்தைப் பிடிச்சு விட்டேன்ல? தண்ணியில எறங்கினா தலை கீழ, கால் மேல. குளத்துல இருக்கற மீனெல்லாம் குட் மார்னிங் சொல்லுதாம்."

"முதலை?"

"முதலை வந்து நின்னுச்சு. ஒண்ணும் பேசல. 'ம்ம், ம்ம்'ங்குது. கிட்டப் போய்ப் பாத்தா, ஜிப்பு மாட்டிக்கிச்சு."

பட்டன் வெளியே உருண்டு வந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காஜாக்கா கூடத் திரைக்கு அந்தப் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ என்னப்பா பண்ணே?"

"பண்றது என்ன? எல்லாத்தையும் பிரிச்சு விட்டேன். நான் என்னிக்காச்சும் வெட்டியிருக்கேனா? உள்ளதான மடிச்சு வெச்சிருந்தேன். தையலை உருவின உடனே கழுத்து சர்ருனு மேல போய் நம்ம கூரையில ஓட்டை. அதான் ஒழுகுது பாரு."

பட்டன் கூரையைப் பார்த்தாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது. "முயல் வரலியா?" என்றாள்.

"வந்துச்சே. அதுக்கும் பிரிச்சு விட்டுட்டேன்."

"எப்படி? பேஸ்டிங்கைப் பிரிக்க முடியாதேப்பா. ஒட்டினா ஒட்டினதுதான், பிச்சா துணியே கிழிஞ்சிடும்னு நீதான் சொன்னே." அவள் உதடு பிதுங்கியது. "அப்ப முயலுக்குக் காது அப்படியேதான் இருக்குமா? யார் கூப்பிட்டாலும் கேக்காதா?"

தையல்காரன் பிள்ளையிடம் தையலில் பொய் சொல்லித் தப்ப முடியாது. பேஸ்டிங் பிரியாது என்பது உண்மை. மத்தியானம் நடந்திருக்கக்கூடியது அவர் கண்முன்னால் வந்தது. மகளின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. அவர் திரையைப் பார்த்தார்.

காஜாக்கா ஊசிப்பெட்டியுடன் வெளியே வந்தாள். "முயலை யாரு ஒட்டினது? ஒருத்தரும் ஒட்டல. இஸ்திரிக்குப் போச்சு. பெரியப்பா, 'போ போ, இந்த வேலையெல்லாம் நான் செய்யறதில்ல'ன்னு திருப்பி அனுப்பிட்டார்."

பட்டன் மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம்?"

"அப்புறம் எங்கிட்ட வந்துச்சு. ஒரே அழுகை. 'ஏண்டி அழறே'ன்னேன். 'தொப்பிக்குள்ள காது அடங்க மாட்டேங்குதுக்கா'ன்னுச்சு. 'எந்தக் கூறுகெட்டவ தைச்ச தொப்பி?'ன்னு கேட்டேன்."

"யாராம்?"

"நீங்கதான்னுச்சு." காஜாக்கா ஊசிப்பெட்டியைத் திறந்தாள். "'அப்ப அதுக்கு நீ ஏன் அழறே? பேண்ட் நீளமா இருந்தா அப்பா பேண்டை மடிப்பாரா, காலை மடிப்பாரா? தப்பு என் தொப்பியிலதான். இப்படிக் கொண்டா'ன்னு வாங்கிக்கிட்டேன்."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். பட்டன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கடைசியில் தாடைக்குக் கீழே விரலை விட்டு, பட்டனைக் கழற்றி, தொப்பியை நீட்டினாள்.

"எத்தனை காஜா எடுத்தீங்க?"

"முயலுக்கு எத்தனை காது?"

காஜாக்கா பிள்ளையின் காதில் டேப்பை வைத்து முறையாக அளவெடுத்தாள். மடல்களில் சாக்கட்டியால் கோடு போட்டு, பிளேடால் ஒரே இழுப்பில் கிழித்தாள். அரையிஞ்சு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருக்க, அவள் ஓரம் பிசிராமல் ஒவ்வொரு தையலாக முடிச்சுப் போட்டு இறுக்கினாள். இவ்வளவு பெரிய காஜாவை அவள் எடுத்ததே இல்லை. நல்ல சிவப்பு நூலாகக் கேட்டு வாங்கி, பட்டன் மூக்கு உரசும் தூரத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

தொப்பியைத் தலையில் மாட்டி, ஓட்டைகள் வழியாகக் காதுகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே விட்டார்கள். டபக் டபக்கென்று வந்து நின்றன. பட்டன் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள். இதிலும் கேலி செய்துவிட்டோமோ, பிள்ளை இன்னும் உடைந்துபோவாளோ என்று அப்பா பயந்தார்.

"அம்மா" என்றாள் பட்டன் கண்ணாடியைப் பார்த்தபடி. "இது எதுக்குமே ஆகாத தொப்பி."

"ஏண்டி?"

"எல்லாமே வெளியதானே இருக்கு!" சொல்லிவிட்டு அவளே கெக்கலி கொட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் காஜாக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானத்திலிருந்து அவள் உட்காரவே இல்லை.

அடுத்து, அப்பாவுக்கும் போட்டுப் பார்க்கவேண்டும் என்று பட்டன் அடம்பிடித்தாள். தொப்பி அவர் உச்சியில் பாதிதான் இறங்கியது. ஓட்டைகள் வழியாக முடிதான் பிதுங்கியது.

"உன் காது எங்கப்பா?"

அவள் தன் சின்ன விரல்களால் முடியை விலக்கித் தேடினாள். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். கிடைத்ததும் பிடித்து இழுத்து, தன் காதை ஒரு கையால் தொட்டு, அவருடையதை இன்னொரு கையால் தொட்டு, துணி வாங்குகிறவர்கள் தடிப்பு பார்ப்பதைப்போலப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் வெகுநேரம் காதைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முடிவெட்டுகிற கடையில் போய் உட்கார்ந்தார்.

"வழக்கம்போல நுனி மட்டும்தானே?" என்றார் முடிவெட்டுகிறவர்.

"இல்ல. காது தெரியற மாதிரி முழுசா எடுத்துடு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கடை மாதிரி உள்ள மடிச்சு வெக்கற வசதி இங்க கிடையாது."

"எடுய்யா."

தெருவில் நடந்து வரும்போது காதில் காற்று பட்டது. எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. இஸ்திரிக்காரர் மட்டும் நிமிர்ந்து, "என்ன சார், கோட்டா, சட்டையா?" என்று கேட்டுவிட்டு, பெட்டியை நிறுத்தி வைத்தார். "அட, அரையிஞ்சா! உனக்குக் காதெல்லாம் இருக்காய்யா! இத்தனை வருஷமா நான் பேசினது கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சா?" சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார். அரையிஞ்சுவும் சிரித்தார். கூசிக்கொண்டேதான் சிரித்தார், ஆனால் அது ஒன்றும் ஆளைக் கொன்றுவிடவில்லை.

பட்டன் அவரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். "என்னோடது மாதிரியே இருக்கு" என்றாள்.

"எப்பவும் அப்படித்தான் இருந்துச்சு."

"வலிக்குதா?"

"கொஞ்சம் குளுருது. அவ்வளவுதான்."

அன்றைக்கு அவள் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை யூனிஃபார்மைப் போட்டு, காஜா வைத்த தொப்பியை மாட்டிக்கொண்டுதான் கிளம்பினாள். காஜாக்கா அதைத் தடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் கழற்றச் சொல்வதற்கு அரையிஞ்சு வழி முழுக்க வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் பட்டன் நின்றாள். "புழுங்குது. நீயே வெச்சுக்கோ" என்று தொப்பியைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு நடந்தாள். அவர் சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் வீண்.

வாசலில் யாரோ, "ஏய், கைப்பிடி வந்துட்டா!" என்று கத்தியது அவர் காதில் தெளிவாக விழுந்தது. இப்போது காதை மறைக்க முடி ஒன்றும் இல்லையே. பட்டன் ஒரு வினாடி நின்றதைப் பார்த்தார். திரும்பி ஓடிவந்துவிடுவாள் என்று கையை விரித்துக்கொண்டு நின்றார். அவள் திரும்பவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு அவர் செய்த வேலை உருப்படியாக இல்லை. ஒரு பேண்டின் கால் வாயைச் சேர்த்து அடித்து மூடிவிட்டார். "இதுல காலை எப்படி விடுவாங்க?" என்று காஜாக்கா தூக்கிக் காட்டியபோதுதான் தெரிந்தது. அவளுக்கும் ஒரு காஜா கோணலாகப் போயிருந்தது. பள்ளிக்கூடம் விடுவதற்கு வெகு முன்னாலேயே போய் வாசலில் நின்றுவிட்டார்.

மணி அடித்தது. பிள்ளைகள் கொட்டிவிட்டாற்போல வெளியே வந்தார்கள். பட்டன் நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பிள்ளைகள் வந்தார்கள். துரத்திக்கொண்டு வருகிறார்களோ என்று நினைத்தார். நாலு எட்டு வைத்து முன்னால் போனார்.

"அப்பா, வந்துட்டியா? நல்லதாப் போச்சு" என்றாள் பட்டன். கடையில் அம்மா வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிற அதே தோரணை. "கைப்பிடின்னு கத்துனாங்க. நான் அழல. உக்காருங்க, ஒண்ணு சொல்றேன்னு ஒட்டகச்சிவிங்கி சண்டைக்கு வந்ததைச் சொன்னேன். முதலைக்கு ஜிப்பு மாட்டிக்கிட்டதைச் சொன்னப்ப டீச்சர் தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தாங்க. புரையேறிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாரும் வரிசையில நின்னுட்டாங்கப்பா. இவளுக்கு முன்னாடி பல்லே இல்ல. இவளுக்கு ஒரு மிருகம் வேணுமாம். இவனுக்கு நடந்தா ரெண்டு முட்டியும் இடிச்சுக்குது, இவனுக்கும். டீச்சர்கூட கேட்டாங்க. போர்டுல மேல எழுத அவங்களுக்கு எட்டலையாம். உங்கிட்ட கதை வாங்கித் தரேன்னு சொல்லிட்டேன்."

அரையிஞ்சுவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பல்லில்லாத வாயும் இடிக்கிற முட்டியும் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன. எல்லாருக்கும் பின்னால், தலை நிறையச் சுருட்டை முடியோடு ஒருத்தி, காலால் மண்ணைக் கீறிக்கொண்டு, கிட்ட வராமல் நின்றாள்.

"இத்தனை பேரா! முதல்ல யாருக்கும்மா?" என்றார்.

பட்டன் போய் அந்தச் சுருட்டை முடிக்காரியின் கையைப் பிடித்து இழுத்துவந்து அவருக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இவளுக்கு. கைப்பிடின்னு பேர் வெச்சது இவதான். தினமும் முடியில சீப்பு சிக்கிக்கிட்டு, வலியில அழுதுட்டுத்தான் பள்ளிக்கூடம் வராளாம். இவளுக்குத்தான்ப்பா அவசரம்."